ஓநாய்ப் படத்தில் தோட்டாக் கணக்கு

அண்ணன் பேய்ப் படம் பார்க்க மாட்டார். பயத்தினால் அல்ல. "ராத்திரி சத்தம் கேட்டா தனியா போய் கதவைத் திறக்குறவனுக்காக நான் எதுக்குடா பரிதாபப்படணும்?" என்பது அவர் கட்சி. பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். துப்பாக்கி வரும் படம் என்றால் மட்டும் எட்டிப் பார்ப்பார், அதுவும் குறை சொல்வதற்காக. எனவே 'டாக் சோல்ஜர்ஸ்' படத்தைப் போட்டபோது ஓநாய் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. "பயிற்சிக்குப் போன ஆறு சிப்பாய்ங்க காட்டுல மாட்டிக்கிறாங்க" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பசுவின் பிணம் அவர்கள் மூட்டிய நெருப்பின் மேல் வந்து விழுந்தது. அண்ணன் திரும்பி என்னை முறைத்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் படத்தை இருவரும் சேர்ந்தே இன்னும் இரண்டு முறை பார்த்துவிட்டோம். எனக்கு வீடியோ எடிட்டிங் தொழில். எங்கே வெட்டியிருக்கிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்றே கண் போகும். அவருக்கு யார் கையில் என்ன ஆயுதம், எத்தனை குண்டு மிச்சம் என்று போகும். இந்த விமர்சனத்தில் பாதி அவருடையது.

2002ல் வந்த பிரிட்டிஷ் படம். நீல் மார்ஷல் இயக்கிய முதல் முழுநீளப் படம். எழுதியதும் எடிட் செய்ததும் அவரே. நீளம் 105 நிமிடம். கதை நடப்பது ஸ்காட்லாந்தின் மலைக்காட்டில் என்றாலும் பெரும்பகுதியைப் படம் பிடித்தது லக்சம்பர்க்கில். ஆறு பேர் கொண்ட ஒரு சிறு படை ஹைலாண்ட்ஸ் பகுதிக்கு ராணுவப் பயிற்சிக்குப் போகிறது. அங்கே சிறப்புப் படையின் முகாம் ஒன்று ரத்தக் களறியாகக் கிடக்கிறது. உயிரோடு இருப்பவர் கேப்டன் ரயான் ஒருவர்தான், அவரும் பாதிக் கிழிந்த நிலையில். இருட்டியதும், முழு நிலவில் ஓநாயாக மாறும் மனிதர்களின் துரத்தல் தொடங்குகிறது. வழியில் மேகன் என்ற பெண் லேண்ட் ரோவரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு தனிப் பண்ணை வீட்டில் சேர்க்கிறாள். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, வீட்டில் ஒரு நாய் இருக்கிறது, மனிதர்களைக் காணோம். விடியும்வரை அந்த வீட்டைக் காப்பாற்ற வேண்டும். கதை அவ்வளவுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தின் பலம் ஓநாய் அல்ல, பேச்சு. முதல் பாதியில் அந்த ஆறு பேரும் நடக்கிறார்கள், சலித்துக்கொள்கிறார்கள், இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் அன்று நடக்கும் கால்பந்துப் போட்டியைப் பார்க்க முடியவில்லையே என்று புலம்புகிறார்கள். இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சார்ஜென்ட் வெல்ஸ் தன் பழைய சகா ஒருவனின் கதையைச் சொல்கிறார். குடிபோதையில் பின்புறத்தில் சாத்தானின் முகத்தைப் பச்சை குத்திக்கொண்டவன். கண்ணிவெடியில் சிக்கிச் சிதறியபோது அந்தப் பச்சை குத்திய துண்டு மட்டும்தான் அடையாளம் காணும்படி மிஞ்சியது. சிரிப்பதா வேண்டாமா என்று நாம் யோசிக்கும் நொடியில்தான் பசு விழுகிறது.

"இவனுங்க பேசுறது நிஜம்டா," என்றார் அண்ணன். சண்டைப் படங்களில் வரும் சிப்பாய்கள் பேசுவது போல் யாரும் பேசுவதில்லை என்பது அவருடைய நெடுநாள் புகார். தேசத்தைப் பற்றியும் தியாகத்தைப் பற்றியும் இங்கே ஒரு வசனம்கூட இல்லை. சாப்பாடு, தூக்கம், ஈரம், மேட்ச். செத்துப்போனவனைப் பற்றிப் பேசினாலும் சிரித்துக்கொண்டே பேசுகிறார்கள். பின்னால் இவர்கள் ஒவ்வொருவராகப் போகும்போது நமக்கு வலிக்கிறதென்றால் அதற்கு இந்த முதல் அரை மணி நேரம்தான் காரணம். ஷான் பெர்ட்வீ வெல்ஸாகவும், கெவின் மெக்கிட் சிப்பாய் கூப்பராகவும், லியம் கன்னிங்ஹாம் ரயானாகவும் நடித்திருக்கிறார்கள். மூவரில் பெர்ட்வீதான் படத்தைத் தோளில் தூக்கிப் போகிறார்.

அடுத்தது தோட்டாக் கணக்கு. பயிற்சிக்கு வந்தவர்கள் ஆகையால் கையில் இருந்தது வெறும் சத்தம் போடும் வெற்றுத் தோட்டா. நிஜமான குண்டுகள் கிடைப்பது அந்தச் சிதைந்த முகாமில்தான். இது திரைக்கதையில் ஒரு சின்னத் திருகாணி, ஆனால் மொத்தப் படமும் அதில்தான் நிற்கிறது. எடுத்த அளவுதான் உண்டு, இனி வராது. பிரிட்டிஷ் ராணுவத்தின் அந்த ரைஃபிளில் ஒரு மேகசினுக்கு, அதாவது குண்டு அடுக்கிச் செருகும் பெட்டிக்கு, 30 குண்டு. அண்ணன் விரலை மடக்கி எண்ணவே ஆரம்பித்துவிட்டார். நடுவில் ஒரு இடத்தில், "இவன் இன்னேரம் மாத்தியிருக்கணும்," என்றார். அடுத்தடுத்த ஷாட்களில் யாரோ மேகசின் காலி என்று கத்தினார்கள். அவர் முகத்தில் வந்த திருப்தியைப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சாதாரண குண்டு இந்த ஓநாய்களைக் கொல்லாது என்று படமே காட்டிவிடுகிறது. சுட்டால் துள்ளுகிறது, பின்வாங்குகிறது, திரும்பி வருகிறது. அப்படியானால் குண்டு தீர்ந்தால் என்ன, தீராவிட்டால் என்ன? அண்ணனிடம் கேட்டேன். "சுடுறது கொல்றதுக்குன்னு யார் சொன்னா? பாதிக்கு மேல தலையைத் தூக்க விடாம வெக்கிறதுக்குத்தான். ஒவ்வொரு மேகசினும் இத்தனை நிமிஷம்னு கணக்கு." அப்போதுதான் எனக்கு இந்தப் படத்தின் ஆக்‌ஷன் புரிந்தது. இவர்கள் ஜெயிப்பதற்காகச் சுடவில்லை. விடியலுக்கு இன்னும் எத்தனை மணி நேரமோ அதைக் குண்டு கொடுத்து வாங்குகிறார்கள். ஜன்னலில் பலகை அடிப்பது, யார் எந்தப் பக்கம் நிற்பது, மாடிக்கு எப்போது பின்வாங்குவது என்று சண்டை ஒவ்வொன்றும் அறை அறையாக நகர்கிறது. சமையலறை எங்கே, படிக்கட்டு எங்கே, நிலவறைக்கு வழி எது என்பது இரண்டாம் முறை பார்க்கும்போது நம் சொந்த வீடு மாதிரி பழகிவிடுகிறது. செலவு பிடித்த எத்தனையோ ஆக்‌ஷன் படங்களில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

இனி என் தொழில் கண். ஓநாய்கள் கம்ப்யூட்டரில் வரைந்தவை அல்ல. உயரமான ஆட்கள் உடைக்குள் புகுந்து, பொய்க்கால் கட்டி நிற்கிறார்கள், மேலே இயந்திரத் தலை. இதில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். லாபம், அது நிஜமாகவே அந்த அறையில் நிற்கிறது. விளக்கு வெளிச்சம் அதன் மயிரில் விழுகிறது, நடிகன் நிஜமாகவே அதன் மேல் மோதிக் கீழே விழுகிறான். உள்ளே குனிந்து வரும்போது உத்தரத்தில் தலை இடித்துவிடுமோ என்று நமக்கே தோன்றுகிறது. நஷ்டம், அந்த முகம் அசையாது. வாய் திறக்கும், மூடும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. கண்ணில் உயிர் இல்லை. மார்ஷலுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆகவே எடிட்டிங்கில் ஒளித்து வைக்கிறார்: ஒரு கை, ஒரு நிழல், ஜன்னலில் ஒரு காது, கதவிடுக்கில் மூக்கு. முதல் ஒரு மணி நேரம் இந்தச் சிக்கனம் அற்புதமாக வேலை செய்கிறது. கடைசி முப்பது நிமிடத்தில் முழு உருவத்தையும் காட்டியே ஆக வேண்டிய கட்டாயம் வந்ததும், ஷாட்கள் மேலும் மேலும் குறுகி, ஏதோ மயிரும் ரத்தமும் கண்ணெதிரே பறப்பது போல் ஆகிவிடுகிறது. ஆக்‌ஷன் எடிட்டிங் வேகத்துக்காக இருந்தால் தப்பில்லை. குறையை மூடுவதற்காக இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய குறை உருமாற்றம். ஓநாய் மனிதன் படம் என்றால் மனிதன் ஓநாயாகும் அந்தக் காட்சிக்காகத்தான் பலரும் டிக்கெட் எடுப்பார்கள். 1981ல் வந்த 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்தில் ரிக் பேக்கர் அதை விளக்கு வெளிச்சத்தில், நடுக்கூடத்தில், எலும்பு எலும்பாக நீட்டிக் காட்டி, சிறந்த ஒப்பனைக்கான ஆஸ்கர் வாங்கிவிட்டார். அதற்கு இருபது வருடம் கழித்து வந்த இந்தப் படத்தில் ரயான் துடித்தபடி கீழே சாய்கிறார், பார்வையிலிருந்து மறைகிறார், எழும்போது ஓநாய். பணம் இல்லை, புரிகிறது. ஆனாலும் முதல் தடவை பார்த்தபோது, "அவ்வளவுதானா?" என்று நான் வாய்விட்டே கேட்டேன்.

(இனி வரும் மூன்று பத்தியில் கதையின் முக்கியத் திருப்பங்கள் வரும். படம் பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.)

ஆனால் இங்கேதான் படம் என்னை ஏமாற்றிவிட்டது. உருமாற்றத்தை அது காட்டாமல் இல்லை. வேறு இடத்தில், வேறு வேகத்தில் காட்டுகிறது. காட்டில் நடக்கும் தாக்குதலில் சார்ஜென்ட் வெல்ஸின் வயிறு கிழிந்து குடல் வெளியே வந்துவிடுகிறது. பண்ணை வீட்டில் போட்டுச் சூப்பர் குளூ வைத்து ஒட்டுகிறார்கள். இது வெறும் படக் கற்பனை அல்ல. அந்த ரகப் பசையை வியட்நாம் போரில் காயத்தின் மேல் தெளித்து ரத்தப்போக்கை நிறுத்தியிருக்கிறார்கள். மயக்க மருந்துக்குப் பதிலாகக் கூப்பர் முகத்தில் ஒரு குத்து விடுகிறான். நாய் வேறு வந்து கட்டுத் துணியைப் பிடித்து இழுக்கிறது. சிரிப்பும் குமட்டலும் சேர்ந்து வரும் காட்சி. ஆள் பிழைக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் காயம் மூடிக்கொண்டு வருகிறது. முகத்தில் ரத்த ஓட்டம் திரும்புகிறது, எழுந்து உட்காருகிறார், பேச்சில் தெம்பு. அதற்கு முன்பே ரயானின் காயம் இப்படித்தான் ஆறியது, அதன் அர்த்தம் என்னவென்று நமக்குத் தெரியும். வெல்ஸுக்கும் தெரியும். எந்த நோயாளி விஷயத்திலும் நாம் கேட்க விரும்பும் செய்தி "ஆறிக்கொண்டு வருகிறது" என்பதுதான். இங்கே அந்தச் செய்திதான் மரண அறிவிப்பு. ஒப்பனை வேண்டாம், இயந்திரத் தலை வேண்டாம். பெர்ட்வீ தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிரும் அந்த ஒரு பார்வை போதும். மற்றவர்களின் கையில் குண்டு குறைந்துகொண்டே வர, இவர் உடம்பில் பலம் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் அவர் எடுக்கும் முடிவு அந்த இரண்டு கணக்கையும் ஒரே இடத்தில் முடிக்கிறது. மூன்று முறை பார்த்ததிலும் அந்த இடத்தில் அண்ணன் ஒன்றும் பேசவில்லை.

இவ்வளவு நன்றாக யோசித்த மார்ஷல் மேகனை ஏன் இப்படிக் கைவிட்டார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. எம்மா கிளீஸ்பி நடித்த அந்த விலங்கியல் ஆய்வாளர், படத்தில் சொல்லிக்கொள்ளும்படியான ஒரே பெண் பாத்திரம். காட்டு ஓநாய்கள் அழிந்து இருநூறு வருடத்துக்கு மேலான ஒரு நாட்டில், ஓநாய்களைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருத்தி சரியான நேரத்தில் வண்டியோடு வருகிறாள் என்றாலே நமக்குப் பொறி தட்ட வேண்டும். அவளும் அவர்களில் ஒருத்தி, அவர்கள் இத்தனை நேரம் காத்த வீடே ஓநாய்களின் வீடு என்பது பிரமாதமான திருப்பம். அந்தக் கொதிக்கும் குழம்புக்கு அப்போதுதான் அர்த்தம் கிடைக்கிறது. ஆனால் அவள் மனம் மாறியது எப்போது? ஒரு கட்டம்வரை இவர்கள் தன்னைக் காப்பாற்றுவார்கள் என்று நம்புகிறாள், பிறகு நம்பிக்கை போய்விடுகிறது என்கிறாள். சொல்கிறாளே தவிர நாம் அதைப் பார்ப்பதில்லை. மனித உருவில் இருந்துகொண்டு தன் குடும்பத்தையே சுடுபவர்களுக்கு உதவுவது என்பது சாதாரணக் குழப்பமா? ஒரு தனிப் படமே எடுக்கலாம். இங்கே மாதவிலக்கை வைத்து ஒரு மலிவான நகைச்சுவை வசனம், ஒரு துப்பாக்கிச் சூடு, முடிந்தது. ஆண்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு குணம் எழுதத் தெரிந்த கைக்கு இவளுக்காக இன்னும் நான்கு நிமிடம் ஒதுக்கத் தெரியவில்லை. அந்த நான்கு நிமிடத்தைப் பின்பாதி வெடிச் சத்தத்தில் ஏதாவது ஒன்றை வெட்டி எடுத்திருக்கலாம். கொட்டகை வெடிப்பைச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரயானும் ஓரளவு இப்படித்தான். தொடக்கத்தில், சிறப்புப் படைக்கான தேர்வில் ஒரு நாயைச் சுடச் சொல்கிறார், கூப்பர் மறுக்கிறான், இவரே சுட்டுவிடுகிறார். ஒரே நிமிடத்தில் இருவரையும் முழுசாகத் தெரிந்துகொண்டோம். அவ்வளவு கச்சிதமாக அறிமுகமான ஆளை, பின்னால் தன் திட்டத்தை எல்லாம் உட்கார்ந்து விளக்கும் வழக்கமான வில்லனாக்கிவிட்டார்கள். ஓநாயைப் பிடித்து ஆயுதமாக்கும் திட்டம், இந்தப் படை வெறும் தூண்டில் என்பதெல்லாம் அவர் வாயால் சொல்லாமலே நமக்குப் புரிந்திருக்கும். கன்னிங்ஹாமின் குரல் நன்றாக இருப்பதால் தப்பித்தார்கள்.

சில்லறைக் குறைகளும் உண்டு. ஓநாய்கள் மொத்தம் எத்தனை என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எத்தனை விழுந்தன, எத்தனை எழுந்தன என்பதும். குண்டைத் துல்லியமாக எண்ண வைக்கும் படம் எதிரியை எண்ண விடவில்லை. பாத்திரங்களின் பெயர்களில் சினிமா, இலக்கியக் கிண்டல் அதிகம்: சார்ஜென்ட்டின் பெயர் ஹாரி ஜி. வெல்ஸ் (எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸை நினைத்து), கார்ப்பரலின் பெயர் புரூஸ் கேம்ப்பெல் ('ஈவில் டெட்' பேய்ப் படத்தின் நாயகன்). முதல் தடவை சிரிப்பு வரும். பிறகு இயக்குநர் விலாவில் இடித்துக்கொண்டே இருப்பது போல் ஆகிவிடுகிறது.

ஆனால் ஸ்பூன் என்ற சிப்பாய். அந்தக் காட்சியைச் சொல்லாமல் விட்டால் அண்ணன் கோபித்துக்கொள்வார். டேரன் மார்ஃபிட் நடித்த அந்தச் சின்னப் பையன், படம் முழுக்க வாயாடிக்கொண்டே இருப்பவன், கடைசியில் சமையலறையில் ஓநாயிடம் தனியாக மாட்டுகிறான். துப்பாக்கி இல்லை. முஷ்டியால் குத்துகிறான். பாத்திரத்தை எடுத்து அடிக்கிறான், கத்தியால் குத்துகிறான், கையில் கிடைப்பதை எல்லாம் வீசுகிறான். ஏழடி மிருகத்தை ஒரு ஒல்லிப் பையன் வாணலியால் அடிப்பது கேலியாகத்தான் இருக்க வேண்டும். இல்லை. கொஞ்ச நேரம் அவன் ஜெயித்துவிடுவான் என்றே தோன்றுகிறது, ஓநாயே திகைத்துப்போன மாதிரி இருக்கிறது. இந்த ஒரு சண்டையில் கேமரா ஒளிக்கவில்லை, உடையின் குறை தெரிந்தாலும் கவலைப்படவில்லை. ஏனென்றால் நாம் பார்ப்பது ஸ்பூனைத்தான். அண்ணன் அந்த இடத்தில் விரலை மடக்குவதை நிறுத்திவிட்டார்.

இன்னொன்று, ரசிகர்களுக்கான தகவல். படத்தில் இவர்கள் பார்க்க முடியாமல் போன அந்தப் போட்டியின் முடிவு கடைசியில் ஒரு செய்தித்தாளில் எட்டிப்பார்க்கிறது: இங்கிலாந்து 5, ஜெர்மனி 1. நிஜத்திலும் அதே முடிவுதான். மியூனிக்கில் 2001 செப்டம்பர் 1ஆம் தேதி நடந்த ஆட்டம். நான் சும்மா இராமல் நாட்காட்டியைப் பார்த்தேன். அந்த மாதம் முழு நிலவு செப்டம்பர் 2. ஒரு நாள் பிசகு. அதை மன்னித்துவிடலாம்.

பார்க்க நினைப்பவர்களுக்கு: வசனத் துணையெழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். இவர்கள் பேசும் பேச்சில்தான் படம் இருக்கிறது என்று சொன்னேன். அந்த உச்சரிப்பும் கொச்சையும் வெறும் காதுக்கு எட்டாது. நான் முதலில் பார்த்த பிரதியில் காட்டுக் காட்சிகள் கரிச்சட்டிக்குள் நடந்த மாதிரி இருந்தன. 16 எம்எம் ஃபிலிமில் எடுத்ததால் புள்ளி புள்ளியாகத் தெரிவது இயல்பு, இருட்டு மட்டும் இயல்பல்ல. பின்னாளில் வந்த 4கே பிரதியில் நிழலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிகிறது. அறை விளக்கை அணைத்துவிடுங்கள், ஒலியைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். ரத்தமும் குடலும் ஏராளம். சிறுவர்களை உட்கார வைக்காதீர்கள், சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம்.

மூன்றாம் முறை முடிந்ததும் அண்ணனிடம், "எப்படி?" என்றேன். "ஓநாய் படம்னு நீ முதல்லயே சொல்லியிருக்கலாம்," என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அந்த நாயை அவன் கூடவே கூட்டிட்டுப் போறான்தானே? கடைசி ஷாட்டைத் திரும்பப் போடு."